மழை மறைவில் ஒரு மாவட்டம்: விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் பருவமழை

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவக்காற்று தருவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வது. சித்திரை, வைகாசிக் கோடை மழையும், தென்மேற்குப் பருவகாலத்தில் அவ்வப்போது விழும் இடிமழையும் மீதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தை, மாசியில் விழுவது சொற்பம். 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் அதை மழை நாள் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கில் எடுக்கும். அப்படிப்பட்ட நாள்கள் இங்கே சராசரியாக ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவு. மற்ற நாளெல்லாம் வெயில். அந்த வெயிலை நம்பிப் பட்டாசும் தீப்பெட்டியும் வளர்ந்தன. மழை விழும் அந்தச் சில நாளை நம்பிக் கரிசல் காடும் கண்மாயும் குடிநீரும் இருக்கின்றன. ஒரே வீட்டில் ஒருவர் காட்டு வேலைக்கும் இன்னொருவர் பட்டாசு ஆலைக்கும் போகிற ஊர்கள் இவை. ஆகவே எவ்வளவு பெய்தது என்று கேட்பதோடு இங்கே மழைக் கணக்கு முடிந்துவிடாது. எந்த வாரத்தில் பெய்தது, பெய்த நீர் எங்கே நின்றது என்பவையே பிழைப்பைத் தீர்மானிக்கின்றன.

காற்று திசை மாறுவது எப்படி

பருவக்காற்றுக்கு முதன்முதலில் அறிவியல் விளக்கம் தர முயன்றவர்களில் எட்மண்ட் ஹாலி முக்கியமானவர். நிலமும் கடலும் வெவ்வேறு வேகத்தில் சூடேறுவதால் காற்று நகர்கிறது என்று 1686இல் அவர் எழுதினார். புவியின் சுழற்சி காற்றின் திசையை எப்படித் திருப்புகிறது என்பதை 1735இல் ஜார்ஜ் ஹாட்லி சேர்த்தார். நிலம் சூடாகிக் காற்று மேலெழும், கடலிலிருந்து ஈரக்காற்று அந்த இடத்தை நிரப்ப வரும் என்று பள்ளிப் பாடப் புத்தகங்கள் சொல்வது ஹாலி போட்ட அடித்தளம்தான். அது சரியே, ஆனால் முழுமையானதன்று. நிலம் மிகக் கடுமையாகக் காய்வது ஏப்ரல், மே மாதங்களில். மழை வருவது ஜூனில். வெப்பம் மட்டும் போதுமென்றால் மே மாதத்திலேயே மழை கொட்டியிருக்க வேண்டும்.

இன்றைய விளக்கம் விரிவானது. பூமத்திய ரேகையை ஒட்டி, இரு அரைக்கோளத்துக் காற்றும் வந்து சேர்ந்து மேலெழுகிற மழைப்பட்டை ஒன்று உலகைச் சுற்றிக் கிடக்கிறது. சூரியன் வடக்கே நகரும்போது அதுவும் நகரும். இந்தியத் துணைக்கண்டத்தில் அது கங்கைச் சமவெளி வரை ஏறிவிடுகிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலின் காற்று அதை நோக்கி இழுக்கப்பட்டு, பூமத்திய ரேகையைக் கடந்ததும் புவிச் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. சோமாலியக் கரையை ஒட்டி, ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இந்தக் காற்று ஒரு வேக ஓட்டமாகப் பாய்கிறது. அதற்கு நேர் எதிர்த்திசையில், 14 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் காற்றோட்டத்தை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இனங்கண்டு விளக்கினார். திபெத்தியப் பீடபூமி சூடேறுவதோடு அது தொடர்புடையது. கீழே வரும் காற்றும் மேலே போகும் காற்றும் சேர்ந்து இயங்கத் தொடங்கிய பிறகுதான் பருவமழை நிலைகொள்கிறது. கேரளத்தில் அது தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1.

அங்கிருந்து விருதுநகருக்கு நேர்கோட்டில் அதிகத் தொலைவில்லை. ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, தன் நீரை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. கேரளத்தின் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதற்கு இதுவே காரணம். நீரை இழந்த காற்று மறுபுறம் இறங்குகிறது. மேகத்தோடு ஏறும் காற்று ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி குளிரும். வறண்டு இறங்கும் காற்று அதே ஆயிரம் மீட்டருக்கு 10 டிகிரி சூடாகும். ஆக, மலையைத் தாண்டி வரும் காற்று ஈரத்தைத் தொலைத்ததோடு, புறப்பட்டதைவிடச் சூடாகவும் வந்து சேர்கிறது. ஆனி, ஆடியில் சாத்தூர், சிவகாசிப் பக்கம் புழுதியை வாரிக்கொண்டு அடிக்கும் மேல்காற்று இதுதான். தலைக்கு மேல் மேகம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு துளி விழாது.

மலைத்தொடரில் செங்கோட்டைக்கு மேற்கே ஒரு கணவாய் இருப்பதால் குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய அடிவார ஊர்களுக்கு மலையின் குளுமையும் ஓடைநீரும் ஓரளவு உண்டு; கிழக்கே போகப் போக அதுவும் கிடையாது. மேற்கே பெய்து மேற்கே ஓடும் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பெருமுயற்சி 1895இல் முல்லைப் பெரியாறு அணையால் நிறைவேறியது. அதனால் மதுரைச் சீமையின் வயல்கள் விளைந்தன. வைப்பாற்றுப் படுகைக்கு அப்படி ஒரு நீர் வரத்து இன்றுவரை அமையவில்லை.

கோடை இடியும் ஐப்பசி மழையும்

கோடை மழையைத் தொலைக்காட்சியில் வெப்பச்சலன மழை என்கிறார்கள். பகல் முழுவதும் காய்ந்த நிலத்தின் மேல் காற்று சூடாகி எழுகிறது. மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து பிற்பகலில் நுழையும் கடற்காற்றின் ஈரம் அதோடு சேரும்போது, சில மணி நேரத்துக்குள் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த இடிமேகம் திரண்டுவிடும். இப்படிப் பெய்வது ஊருக்கு ஊர் மாறும். சிவகாசியில் தெரு நிறைய ஓடும்போது திருத்தங்கலில் தரை நனையாமல் இருக்கும். அளவில் குறைவாயினும் இந்த மழைக்கு மதிப்பு அதிகம். கோடை உழவுக்கு மண்ணை இளக்குவது இதுவே. அதோடு மின்னலையும் கொண்டுவருகிறது. மலையில் இதே மழை ஆபத்தாகவும் முடியும். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலையில் திடீரெனப் பெருக்கெடுத்த காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் மலையேற வனத்துறை தடை விதிப்பது இப்போது நடைமுறையாகிவிட்டது.

புரட்டாசி கடைசியில் காற்று தயங்கும். வடக்கே நிலம் குளிரத் தொடங்க, மழைப்பட்டை தெற்கே இறங்குகிறது. காற்று வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலம் முழுவதற்குமான சராசரி ஏறக்குறைய 440 மில்லிமீட்டர். ஆண்டு மழையில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

தென்மேற்குப் பருவமழை போல இது நாள் தவறாமல் பெய்வதில்லை. கிழக்கிலிருந்து அலையலையாக வரும் காற்றுச் சுழற்சிகள், காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள், புயல்கள் ஆகியவை கொண்டுவருவதே பெரும்பகுதி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நாள், பதினைந்து நாள் வெயில் அடிக்கலாம். வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் வடக்கே சென்னை, நெல்லூர்ப் பக்கமோ, நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கமோ கரையேறுகின்றன. அவற்றின் பலன் கரிசல் பூமிக்கு வந்து சேரும்போது தேய்ந்துவிடுகிறது. தென்கிழக்கே இலங்கைத் தீவும் அதன் மலைநாடும் கிழக்குக் காற்றின் ஈரத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கின்றன. மேற்கே ஒரு மலை, தென்கிழக்கே ஒரு தீவு என்று இருபக்கமும் மறைக்கப்பட்ட இடம் இது. தமிழகத்தில் வேறு பல மாவட்டங்களுக்குத் தென்மேற்கு பொய்த்தால் வடகிழக்கு என்ற ஆறுதல் உண்டு. இங்கே வடகிழக்கு பொய்த்தால் அந்த ஆண்டே பொய்த்ததாக அர்த்தம்.

விருதுநகருக்கு உண்மையான பெருமழை வருவது, தாழ்வுப் பகுதி குமரிக் கடலை ஒட்டி நகரும்போதுதான். அப்போது ஈரக்காற்று தென்கிழக்கிலிருந்து நேராக உள்ளே நுழைந்து, மலையின் கிழக்குச் சரிவில் மோதுகிறது. தென்மேற்குக் காலத்தில் மழையை மறைத்த அதே மலை அப்போது மழையைப் பிடித்துத் தருகிறது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் பெரும்பாலும் இப்படித்தான் நிரம்புகின்றன. இந்த அமைப்பு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 காட்டியது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. விருதுநகரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம்.

பொய்க்கும் ஆண்டுகள்

1876இல் மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பிடித்தது. 1878 வரை நீடித்த அதைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிராமங்களில் சொல்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது 1875இல். அது தோன்றிய மறுவருடமே இப்பேரிடர் வந்ததால், மழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்வி அதன் தலையாய வேலையானது. ஹென்றி பிளான்ஃபோர்டு இமயமலையில் படியும் பனியின் அளவைக் கொண்டு முதல் கணிப்புகளைச் செய்தார். 1904 முதல் 1924 வரை துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் பெருங்கடலின் ஒரு முனையில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதையும், அந்த ஏற்ற இறக்கத்தோடு இந்திய மழை தொடர்புகொண்டிருப்பதையும் கண்டறிந்தார். எல் நினோ பற்றிய இன்றைய அறிவு அவர் வகுத்த பாதையில் வளர்ந்தது.

பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை குறைவதற்கு வாய்ப்பு அதிகம். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ அதே ஆண்டில் பெரும்பாலும் மிகுகிறது. 2015 அதற்குக் கண்கூடான சான்று. ஆகவே ஜூன் மாதத்தில் தில்லியிலிருந்து வரும் கணிப்பை வைத்துச் சாத்தூர் விவசாயி முடிவெடுத்தால் தவறாகிவிடும். அவருக்கு வேண்டியது செப்டம்பர் கடைசியில் வரும் வடகிழக்குக் கணிப்பு. அதிலும் மாவட்ட அளவில், வார அளவில். வடகிழக்கு பொய்த்ததற்குச் சான்று 2016. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

கரிசலும் கண்மாயும்

இந்த மழையைக் கொண்டு விவசாயம் செய்ய முடிகிறதென்றால் அதற்கு மண் ஒரு பெரிய காரணம். கரிசல் மண்ணின் களி, நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலத்தில், முதல் மழை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. பிறகு களி உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். உள்ளே போன ஈரம் மேல்மண் காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் வேரடியில் தங்கும். மார்கழிக்குப் பின் மழை நின்றாலும் அந்த ஈரத்தையும் பனியையும் கொண்டே பருத்தியும் மல்லியும் விளைந்துவிடும். ஒரே குறை, கரிசல் நனைந்தால் காலை வைக்க முடியாது, ஏர் ஓடாது. மழைக்குப் பின் உழவுக்குக் கிடைக்கும் பதம் சில நாள்தான். அதைத் தவறவிட்டால் மண் இறுகிவிடும்.

அதனால்தான் மானாவாரிக்காரருக்கு நாள் கணக்கு அவ்வளவு முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழகம் முழுதும் வழங்கும் பழமொழி. கரிசலின் தலையான பட்டமோ புரட்டாசி. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும், அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையமும் வறண்ட நிலச் சாகுபடிக்கென்றே பல பதிற்றாண்டுகளாக உழைத்து வருகின்றன. மழை தொடங்கும் முன்பே, காய்ந்த மண்ணில் விதையைக் கடினப்படுத்தி ஆழமாக விதைத்துவிடும் முன்பருவ விதைப்பு அவை பரப்பிய முறைகளுள் ஒன்று. மழை விழுந்ததுமே விதை முளைக்கத் தொடங்கிவிடுவதால், உழவுக்குக் காத்திருந்து ஈரத்தை வீணாக்கும் இழப்பு இல்லை. கருங்கண்ணிப் பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த காடுகளில் இப்போது மக்காச்சோளம் பெருவாரியாக நிற்கிறது. பூக்கும் நேரத்தில் ஒரு மழை தவறினாலும் மக்காச்சோளம் மணி பிடிக்காது. பழைய சிறுதானியங்களுக்கு இருந்த பொறுமை அதற்குக் கிடையாது என்பதை இந்த மாற்றத்தைப் பேசும்போது மறந்துவிடக்கூடாது.

மண்ணில் இறங்காமல் ஓடும் நீருக்கென்று ஏற்பட்டவை கண்மாய்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 4,200 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாவட்டப் பரப்பில் 800 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 120 டி.எம்.சி. நீர், மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். இதில் மிகப் பெரும்பகுதி ஆவியாகிறது. ஆண்டு முழுக்க இந்த வெயில் உறிஞ்சக்கூடிய நீர், பெய்யும் மழையைப் போல இரு மடங்கு. ஆகவே பிடிக்க வேண்டியதை அந்தச் சில வாரங்களுக்குள் பிடித்தாக வேண்டும். வைப்பாறு, அர்ஜுனா நதி, கௌசிகா நதி, குண்டாறு எல்லாமே மழைக்கு ஓடி மற்ற நாளில் மணலாகக் கிடப்பவை. அவற்றிலிருந்து பிரியும் வரத்துக்கால் கண்மாயை நிரப்பும். கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். மடையைத் திறந்து மூடி, வயலுக்கு முறைவைத்துப் பாய்ச்ச நீர்பாய்ச்சி என்று ஊரில் ஓர் ஆள் இருந்தார். அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. இந்த ஆறுகளின் கரையில் மனிதர் வாழ்ந்த காலம் மிக நீண்டது. வெம்பக்கோட்டை அருகே வைப்பாற்றங்கரையில் 2022இல் தொடங்கிய அகழாய்வு, சங்கு வளையலும் மணியும் செய்த பழங்காலக் குடியிருப்பொன்றை வெளிக்கொணர்ந்தது.

பின்னாளில் வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, குல்லூர்சந்தை, இருக்கன்குடி என்று நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. இவை பாசனத்துக்கு மட்டுமல்லாமல் நகரங்களின் குடிநீருக்கும் பயன்படுகின்றன. அதுவும் போதாமல் நெடுந்தொலைவிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. தேக்கங்கள் வந்த பிறகு ஊர்க் கண்மாயின் மேல் ஊருக்கு இருந்த அக்கறை குறைந்துபோனதுதான் பெரிய இழப்பு. வரத்துக்கால்களில் வீடும் சாலையும் ஏறிவிட்டன. கண்மாயின் உள்வாயில் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்கிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இருப்பதால், ஒழிப்பது அவ்வளவு எளிதாகவும் இல்லை.

வெயிலில் வளர்ந்த தொழில்

மழையை மட்டும் நம்பி வாழ முடியாது என்ற நிலையில்தான் சிவகாசி தொழிலுக்குத் திரும்பியது. 1920களின் தொடக்கத்தில் பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து பட்டாசும், அவற்றுக்கு ஒட்டும் லேபிளிலிருந்து அச்சுத் தொழிலும் கிளைத்தன. இந்தியாவின் பட்டாசில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இன்று இந்த வட்டாரத்தில் உருவாகிறது. விளைச்சல் இல்லாத கிராமங்களிலிருந்து ஆள் கிடைத்தது ஒரு காரணம். வருடத்தில் பத்து மாதம் காயவைக்க வெயில் கிடைத்தது மற்றொன்று.

பட்டாசில் ஈரம் செய்யும் வேலையைத் தனித்துப் பார்க்க வேண்டும். மருந்து என்று ஆலையில் சொல்லப்படுவது ஆக்சிஜன் தரும் ஓர் உப்பு, எரியும் கந்தகம், கரி, அலுமினியத் தூள் ஆகியவற்றின் கலவை. உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மை வெவ்வேறு. சோடியம் நைட்ரேட் ஈரப்பதம் 75 விழுக்காட்டை நெருங்கும்போதே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். பொட்டாசியம் நைட்ரேட் 90 விழுக்காடு வரை தாங்கும். விலை மலிவாக இருந்தும் சோடியம் நைட்ரேட் பட்டாசுக்கு ஏற்கப்படாததற்கு இது முக்கியக் காரணம். பேரியம் நைட்ரேட் ஈரத்தைச் சற்றும் பொருட்படுத்தாத உப்பு. பச்சை நிறமும் வெண்பொறியும் தந்தது. காற்று மாசின் காரணமாக உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதற்குத் தடை விதித்தது. மக்களின் நுரையீரலை முன்னிட்டு எடுத்த அந்த முடிவு சரியானதே. ஆனால் மாற்றாக வரும் உப்புகளில் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் போன்றவை ஈரத்துக்குச் சீக்கிரம் இடங்கொடுப்பவை. கலவை மாறும்போது மழைக்கால எச்சரிக்கையும் கூடவே மாற வேண்டும்.

ஈரம் பட்ட பட்டாசு நமுத்துப்போகும், வெடிக்காது. அதோடு போனால் நட்டம் மட்டுமே. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்வது வேறு விஷயம். அலுமினியம் நீரோடு வினைபுரிந்து வெப்பத்தையும் ஹைட்ரஜனையும் வெளியிடும். நைட்ரேட் கூடவே இருந்தால் அம்மோனியாவும் தோன்றி வினை மேலும் விரையும். குவியலாக மூடி வைத்த மருந்தில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், யாரும் தொடாமலே தீப்பிடிக்கலாம். முந்தின நாள் மிஞ்சிய மருந்து நீர்த்துப்போய் வெடித்தது என்று விபத்துச் செய்திகளில் வருவது இதைத்தான். கலவையில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பது இந்த வினையைத் தடுக்கவே. அன்றன்று கலந்ததை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும் என்பது ஆலையில் எழுதப்பட்ட விதி. மழை நாளில் அதை மீறுவது மிக எளிது, மிக ஆபத்து.

மணி மருந்து காயும் இடத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். பேன்சி ரகப் பட்டாசுக்கான மருந்தைப் பசையோடு பிசைந்து, சிறு மணிகளாக்கி, திறந்த மேடையில் பரப்பி வெயிலில் உலர்த்துகிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே கறுக்கத் தொடங்கினால் போர்மேனுக்கு இரண்டு வழிதான். பாதி காய்ந்ததை அள்ளி அறைக்குள் வைக்கலாம், அல்லது தார்ப்பாயை விரிக்கலாம். அள்ளினால், அவசரத்தில் உராய்வு. மூடினால், உள்ளே வெப்பமும் ஈரமும். மின்னல் வேறு. இடி மின்னல் நெருங்கினால் வேலையை நிறுத்தி ஆட்கள் வெளியேற வேண்டும், கிடங்குகளுக்கு இடிதாங்கி வேண்டும் என்பவை வெடிபொருள் விதிகளின் அடிப்படை. பெரும்பாலான தொழிலாளர்களுக்குச் செய்த உருப்படிக்குத்தான் கூலி. மேகம் கூடி வேலை நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். அந்த இழப்பைத் தொழிலாளியின் தலையில் விடும் வரை, மேகத்தைப் பார்த்தும் இன்னும் கொஞ்சம் முடித்துவிடலாம் என்ற எண்ணம் போகாது. மழை நாள் கூலி என்று ஒன்று இருந்தால் அது தருமக் கணக்கில் சேராது. பாதுகாப்புச் செலவாகவே சேரும்.

காற்று மிக வறண்டாலும் ஆபத்து உண்டு. காற்றில் ஓரளவு ஈரம் இருக்கும்போது பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, உராய்வில் தோன்றும் நிலைமின்னூட்டம் கசிந்து போய்விடும். பங்குனி, சித்திரையின் வறட்சியிலும் ஆடி மேல்காற்றிலும் அந்தப் படலம் காய்ந்துவிடுகிறது. நைலான் சேலையில் சேரும் மின்னூட்டத்தின் ஒரு பொறி சில மருந்துகளுக்குப் போதும். பருத்தி உடை உடுத்துவதும், அறைக்குள் நுழையுமுன் நிலத்தோடு இணைத்த செப்புத் தகட்டைத் தொடுவதும் அதற்காகவே. முதலிப்பட்டி ஆலையில் 38 பேர் மாண்ட 2012 செப்டம்பர் 5ஆம் தேதி விபத்துக்குப் பிறகு விதிகள் கூர்ந்து பேசப்பட்டன. ஆனாலும் 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் மீண்டும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இவ்விபத்துகளுக்கு வானிலையைக் காரணம் சொல்லித் தப்பிக்க இடமில்லை. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தும் ஆளும் ஓரிடத்தில் சேர்வதே திரும்பத் திரும்ப வெளிப்படும் குறை.

தீப்பெட்டிக்கும் வெயில் வேண்டும். குச்சி முனையில் தோய்த்த மருந்து அடைமழையில் உலராது, பெட்டிப் பக்கத்தில் பூசிய சிவப்புப் பாஸ்பரசும் நமுத்துவிடும். அச்சகத்தில் சிக்கல் வேறுவிதம். தாள் ஈரத்தை உறிஞ்சி விரிவதால், நான்கு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கும் சிவகாசி அச்சகங்களுக்கு வேலை உச்சம் பெறுவது ஐப்பசி, கார்த்திகையில், அடைமழையும் அப்போதே.

தீபாவளியும் மழையும்

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதே காலம். 2025இல் பருவமழை அக்டோபர் 16ஆம் தேதி தொடங்கிவிட்டது. தீபாவளி 20ஆம் தேதி. 2015இல் தீபாவளி நவம்பர் 10. முந்தின நாள்தான் புதுச்சேரி அருகே தாழ்வு மண்டலம் கரையைக் கடந்து வட தமிழகக் கரையில் கொட்டித் தீர்த்தது. இத்தகைய ஆண்டுகளில் சில்லறைக் கடைகளில் சரக்கு தேங்குகிறது. தேங்கிய சரக்கின் பணம் அடுத்த ஆண்டுதான் சிவகாசிக்குத் திரும்பும். ஆனால் சிவகாசிப் பட்டாசில் பெரும்பங்கு வட மாநிலங்களுக்குப் போகிறது. அங்கே தீபாவளிக்கு முன்பே தென்மேற்குப் பருவமழை விடைபெற்றிருக்கும். அந்தச் சரக்கு லாரியேறுவதோ ஆடி, ஆவணியில். காய்ந்த சிவகாசியில் ஏற்றிய பெட்டி, அடைமழையில் இருக்கும் மகாராஷ்டிரத்தையும் மத்தியப் பிரதேசத்தையும் கடந்து கிடங்கு சேர வேண்டும். தன் ஊர்க் கோடை மழை, சரக்கு போகும் வழியின் தென்மேற்கு மழை, விற்கும் நாளின் வடகிழக்கு மழை என்று மூன்றையும் கணக்கில் வைத்து நடக்கும் தொழில் இது.

மாறிவரும் மழை

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். இந்தியப் பெருங்கடல் தொடர்ந்து சூடேறி வருகிறது. இதன் விளைவாக மொத்த மழை பெரிதும் மாறாவிட்டாலும், பெய்யும்போது கனத்துப் பெய்வதும் இடைவெளி நீள்வதும் பல இடங்களில் காணப்படுகிறது. கரிசலுக்கு இது இரட்டைக் கேடு. ஒரே நாளில் கொட்டும் நீரில் வெடிப்பு மூடிக்கொண்டபின் மிச்சமெல்லாம் மேலோடு ஓடிவிடும். அடுத்து வரும் நீண்ட வெயிலில் பயிர் வாடும். ஆலைகளுக்கோ, மேகமில்லாத மாதங்கள் என்று நம்பியிருந்த காலத்திலும் திடீர் இடிமழை வரலாம். திறந்த மேடையை நம்பாமல், ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்திய உலர்த்தும் அறைகளுக்கு மாறுவது பெரிய ஆலைகளுக்கு இயலும். சிறு ஆலைகளுக்குக் கூட்டாக அப்படி அமைத்துத் தர அரசு முன்வந்தால்தான் முடியும்.

வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டங்கள் இரண்டு நெடுநாளாகப் பேசப்படுகின்றன. கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் நீரை வைப்பாற்றுக்குத் திருப்பலாம் என்று தேசிய நீர் மேம்பாட்டு முகமை ஆய்ந்து அறிக்கை தந்தது, கேரளம் இசையவில்லை. காவிரியின் வெள்ள நீரை வைகை வழியாகக் குண்டாற்றுக்குக் கொண்டுவரும் 262 கிலோமீட்டர் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முழுமை பெற்றாலும் பயன்பெறுவது மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. வைப்பாற்றுப் படுகையில் உள்ள சாத்தூரும் சிவகாசியும் அதன் பாதையில் இல்லை. அவற்றுக்குக் கையில் இருப்பது கண்மாய்களே. 2017இல் தமிழக அரசு, கண்மாய்களைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது, தூர்வாரிய மண்ணின் அளவை வைத்தே வேலை பெரும்பாலும் மதிப்பிடப்பட்டது. உள்வாய் ஆழமாகி, வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால் கண்மாய் நிரம்பாது. ஆற்றில் நீர் ஓடுவது ஆண்டுக்குச் சில நாள். அந்த நாளில் தலைமதகு முதல் உள்வாய் வரை கால் திறந்திருக்க வேண்டும். அதற்கான வேலை ஆவணிக்குள் முடிந்தாக வேண்டும். புரட்டாசியில் கரிசல் நனைந்துவிட்டால் மண் அள்ளும் இயந்திரம் உள்ளே இறங்க முடியாது.